நாதாங்கி ஆடக் கூடாது: டெபியனில் குறியாக்கப் பேக்கேஜ் பராமரிக்க வருபவர்களுக்கு

என் சித்தப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் தொங்கும் பூட்டைப் பார்க்க மாட்டார், நாதாங்கியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். "பூட்டு நல்ல பூட்டுத்தாம்மா, நாதாங்கி ரெண்டு ஆணியில நிக்குதே" என்பார். பூட்டைத் திறக்கத் தெரியாத திருடனுக்கும் ஆணியைப் பிடுங்கத் தெரியும் என்பது அவர் கணக்கு.

டெபியன் போன்ற ஒரு திறமூல இயங்குதளத்தில் குறியாக்க மென்பொருளைப் பேக்கேஜாகப் பராமரிப்பது இந்த நாதாங்கி வேலைதான். பூட்டை வேறு யாரோ செய்திருக்கிறார்கள். நிரலை எழுதும் அவர்களை அப்ஸ்ட்ரீம் என்று சொல்லுவோம். அந்த நிரலை வாங்கிச் சோதித்து, டெபியனில் ஒழுங்காக உட்காரும்படி கட்டி, 'ஏபிடி இன்ஸ்டால்' என்று தட்டுகிறவர் கையில் சேதாரம் இல்லாமல் சேர்ப்பது பராமரிப்பாளரின் பொறுப்பு.

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் இருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். மாதா மாதம் புதிதாக ஒருவர் வந்து சேர, அவருக்கு முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கணிதம் தெரிய வேண்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதிகம் வேண்டாம். சி மொழியில் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள வர வேண்டும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவி பழகியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலை மரியாதையாகவும் சுருக்கமாகவும் எழுதத் தெரிய வேண்டும். அப்புறம், புரியாத இடத்தில் கை வைக்காமல் நிற்கத் தெரிய வேண்டும். இந்த நான்காவதுதான் பழகுவதற்கு நாளாகும்.

கணினியைத் தயார் செய்வது

புதிய லேப்டாப் தேவையில்லை. 8 ஜிபி ராம், 50 ஜிபி காலி இடம் இருந்தால் சிறிய நூலகம் ஒன்றைக் கட்டுவதற்குப் போதும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதில் ஒருமுறையாவது டெர்மினலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இங்கே பாதி விஷயம் பழக்கமானதாகவே இருக்கும்.

கணினியில் டெபியன் ஸ்டேபிளை, அதாவது நிலையான வெளியீட்டை, நிறுவுங்கள். டெவ்ஸ்கிரிப்ட்ஸ், டெப்ஹெல்பர், லின்டியன், எஸ்பில்ட், கிட்-பில்ட்பேக்கேஜ், ஆட்டோபிகேஜிடெஸ்ட் ஆகிய பேக்கேஜ் கட்டும், சோதிக்கும் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் கட்டும் வேலை நடப்பது சிட் என்கிற நிலையற்ற கிளையில். அதற்காக உங்கள் கணினியையே சிட்டுக்கு மாற்ற வேண்டாம். எஸ்பில்ட் தனக்கென்று ஒரு தனியறை போட்டு, அதற்குள் சிட்டை இறக்கி, பேக்கேஜைக் கட்டி முடித்ததும் அறையைத் துடைத்துவிடும். உங்கள் கணினியில் எப்போதோ நிறுவிய ஏதோ ஒரு நூலகத்தின் தயவில் பில்ட் ஓடிவிட்டது என்ற ஏமாற்றத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த அறையை முதல்முறை உருவாக்கும்போது சில நூறு எம்பி இறங்கும். மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் ஏபிடி-கேச்சர்-என்ஜியை நிறுவிக்கொண்டால் ஒருமுறை இறங்கிய கோப்பு மறுபடி இறங்காது. எங்கள் மாடியில் ஒரே கணினியில் அதை ஓட்டி எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான சோதனைகளை முந்தின இரவே ஓட விட்டுவிடலாம்.

உங்கள் சாவி

டெபியனில் உங்கள் அடையாளம் என்பது உங்கள் ஓப்பன்பிஜிபி சாவி. ஜிபிஜி (க்னூபிஜி) என்ற கருவியில் உருவாக்குங்கள். சாவி ஆர்எஸ்ஏ வகை என்றால் 4096 பிட், அல்லது இடி25519 வகை. முதன்மைச் சாவியை லேப்டாப்பில் வைக்கக் கூடாது. அதை இரண்டு பென்டிரைவ்களில் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். தினசரிக் கையொப்பத்துக்குத் துணைச் சாவிகள் மட்டும் லேப்டாப்பில் இருக்கட்டும். காலாவதித் தேதி கட்டாயம் போடுங்கள். இரண்டு வருடம் சரியாக இருக்கும், பின்னால் நீட்டித்துக்கொள்ளலாம். சாவி தொலைந்தால் அதைச் செல்லாது என்று அறிவிக்கும் ரத்துச் சான்றிதழை ஜிபிஜி தானாகவே உருவாக்கி வைக்கும். அதைக் காகிதத்தில் அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு ஐப்பசி மழையில் என் பை நனைந்து லேப்டாப் போனது. அம்மா வீட்டுப் பீரோவில் இருந்த பென்டிரைவினால்தான் நான் இன்றும் அதே சாவியோடு இருக்கிறேன்.

அடுத்து, ஒரு டெபியன் டெவலப்பரை, அதாவது டெபியனில் முழு உரிமையுள்ள உறுப்பினரை, நேரில் பார்த்து உங்கள் சாவியில் கையொப்பம் வாங்க வேண்டும். இதற்கு அவசரம் இல்லை, பேக்கேஜ் வேலையை முன்பே தொடங்கிவிடலாம். குறிப்பிட்ட சில பேக்கேஜ்களை மட்டும் தானே பதிவேற்றும் உரிமையுள்ள டெபியன் மெயின்டெய்னர் ஆக ஒரு டெவலப்பரின் கையொப்பமாவது வேண்டும். நம் பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிது என்பதால் கூட்டங்களுக்குப் போவதே வழி. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற சிறிய டெபியன் மாநாடு நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெப்கான்ஃப் என்ற பெரிய மாநாடு நடந்தது. இப்படி ஒன்று வரும்போது விட்டுவிடாதீர்கள். சாவியின் கைரேகையான 40 எழுத்துகளைச் சிறு சீட்டுகளில் அச்செடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டோ வேறு அரசு அடையாள அட்டையோ கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எந்தப் பேக்கேஜ்?

புதிதாக வருபவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல், க்னூபிஜி போன்ற பெரிய குறியாக்க மென்பொருள்களை நேராகக் கையில் எடுக்க நினைக்கிறார்கள். அவற்றுக்கு அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். அங்கே பக் அறிக்கைகளைச் சரிபார்த்துக் கொடுப்பதில் தொடங்கலாம், அதற்கு எப்போதும் ஆள் தேவை. சொந்தமாக ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற கருவியை நிறுவுங்கள். உங்கள் கணினியிலேயே இருக்கும் பேக்கேஜ்களில் எவற்றுக்குப் பராமரிப்பாளர் இல்லை, எவற்றுக்கு உதவி வேண்டும் என்று அது காட்டும். நீங்களே பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உடைந்தால் முதலில் உங்களுக்குத் தெரியும்.

எடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். அப்ஸ்ட்ரீமில் கடைசி வெளியீடு எப்போது? பாதுகாப்புப் பிழையை ரகசியமாகத் தெரிவிக்க முகவரி கொடுத்திருக்கிறார்களா? ஆர்எஃப்சி 8439, ஆர்எஃப்சி 7748 போன்ற இணையத் தர ஆவணங்களில் உள்ள மாதிரி விடைகளோடு ஒப்பிடும் சோதனைகள் நிரலோடு வருகின்றனவா? இந்த நூலகத்தை நம்பி டெபியனில் வேறு எத்தனை பேக்கேஜ்கள் நிற்கின்றன? கடைசிக் கேள்விக்கு 'ஏபிடி-கேச் ஆர்டிபெண்ட்ஸ்' பதில் சொல்லும்.

யாரோ தனியாகக் கண்டுபிடித்த புதுக் குறியாக்க முறையை டெபியனில் சேர்க்கலாமா என்று அவ்வப்போது ஒருவர் கேட்பார். வேண்டாம். வல்லுநர்கள் வருடக்கணக்கில் உடைக்கப் பார்த்து உடையாமல் நின்றதைத்தான் ஜனங்கள் கையில் கொடுக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

'ஏபிடி சோர்ஸ்' என்று பேக்கேஜின் பெயரோடு தட்டினால் மூல நிரல் இறங்கும். அதில் 'டெபியன்' என்றொரு கோப்புறை இருக்கும். நம் வேலை முழுவதும் அதற்குள்தான். 'கண்ட்ரோல்' கோப்பில் பெயர், விவரம், எவற்றைச் சார்ந்தது என்பவை இருக்கும். 'ரூல்ஸ்' எப்படிக் கட்டுவது என்று சொல்லும், இன்றைக்கு அது பெரும்பாலும் நாலைந்து வரிதான். 'சேஞ்ச்லாக்' ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்ற வரலாறு. 'காப்பிரைட்' உரிமங்கள். 'வாட்ச்' புதிய வெளியீடு எங்கே வரும் என்ற குறிப்பு. 'பேட்சஸ்' என்பது நாம் நிரலில் செய்யும் மாற்றங்கள் இருக்கும் இடம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். சேஞ்ச்லாகை அடியில் இருந்து மேலாகப் படியுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எங்கெல்லாம் இடறினார் என்பது அதில் தெரியும். பிறகு பேட்ச் ஒவ்வொன்றையும் திறந்து, இது இன்னும் தேவையா, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பப்பட்டதா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய வெளியீடு வரும்போது

பராமரிப்பில் அடிக்கடி வரும் வேலை இதுதான், அதிகக் கவனம் கேட்பதும் இதுதான். யூஸ்கேன் என்ற கருவி வாட்ச் கோப்பைப் படித்து, அப்ஸ்ட்ரீமின் புதிய டார்பாலை, அதாவது நிரல் மூட்டையை, இறக்கித் தரும். 'டெபியன்/அப்ஸ்ட்ரீம்' என்ற இடத்தில் அப்ஸ்ட்ரீமின் பொதுச் சாவியை வைத்திருந்தால் கையொப்பத்தையும் சரிபார்க்கும். குறியாக்கப் பேக்கேஜில் இது இல்லாமல் இருக்கக் கூடாது. இல்லையென்றால் நீங்கள் செய்யும் முதல் மாற்றம் அதுவாக இருக்கட்டும்.

கையொப்பம் சரியாக இருக்கிறது என்றதும் பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எக்ஸ்இசட் விவகாரம் இங்கேதான் பாடம் நடத்தியது. எக்ஸ்இசட் என்ற நூலகத்துக்குள் ஒளித்து வைத்த கள்ள வழி ஒன்றை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருளாளர் வெளிப்படுத்தினார். டெபியன் சிட் கணினியில், தொலைவில் இருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில், உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தவர். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் நூலகம், அதற்கும் குறியாக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் டெபியனில் எஸ்எஸ்எச் சேவகன், கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக எக்ஸ்இசட் நூலகமும் உள்ளே வந்தது. ஒளித்து வைத்த நிரல் அங்கிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஆர்எஸ்ஏ சரிபார்ப்பு வேலையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. சித்தப்பா சொன்ன ஆணி இதுதான்.

கெட்ட நிரலை உயிர்ப்பிக்கும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டு டார்பாலில் மட்டும், பில்டுக்கு உதவும் ஒரு எம்4 கோப்பில் இருந்தது. அந்த மூட்டையில் இருந்த கையொப்பமும் செல்லுபடியானதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபடியாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு இணைப் பராமரிப்பாளரின் பெயரில் அது வந்தது. கையொப்பம் அனுப்பியவர் யார் என்பதைச் சொல்லும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டார்பாலை ஒரு கோப்புறையில் பிரியுங்கள். கிட் களஞ்சியத்தில் அதே பதிப்பின் குறியை (டேக்) இன்னொரு கோப்புறையில் எடுங்கள். 'டிஃப்' கட்டளையை ஆர் தெரிவோடு ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். 'கான்ஃபிகர்' போலத் தானாக உருவாக்கப்பட்ட கோப்புகள் டார்பாலில் மட்டும் இருப்பது சகஜம். மற்ற எந்த வித்தியாசத்துக்கும் காரணம் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அப்ஸ்ட்ரீமைக் கேளுங்கள். முடிந்தால் டார்பாலை விட்டுவிட்டு கிட் குறியில் இருந்தே பேக்கேஜைக் கட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பிறகு பழைய பதிப்புக்கும் புதியதற்கும் இடையில் என்ன மாறியது என்று வரி வரியாகப் படியுங்கள். சிறிய நூலகத்தில் இது ஒரு மாலை நேர வேலை. எல்லாம் புரிய வேண்டும் என்று இல்லை. பில்ட் கோப்புகளில் வந்த மாற்றம், சோதனைக் கோப்புறையில் புதிதாக வந்த பைனரிக் கோப்பு, ரேண்டம் எண் எடுக்கும் இடத்தில் வந்த மாற்றம், இந்த மூன்றையும் மட்டும் புரியாமல் தாண்டாதீர்கள்.

கட்டுதல், சோதித்தல்

எஸ்பில்டில் கட்டுங்கள், பேக்கேஜில் குறை தேடும் லின்டியனை ஓட்டுங்கள். லின்டியன் சொல்லும் குறைகளில் பாதி நியாயமானவை, சில வெறும் சந்தேகங்கள். வாயை அடைப்பதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

பில்டின்போது அப்ஸ்ட்ரீமின் சோதனைகள் ஓடியே ஆக வேண்டும். ஏதாவது ஒன்று தோற்றால் அந்தச் சோதனையை அணைத்துவிட்டு மேலே போகும் ஆசை வரும், அதுவும் இரவு 11 மணிக்கு நிச்சயம் வரும். அணைக்காதீர்கள். சாதாரண நிரலில் தோற்ற சோதனை ஒரு அசௌகரியமாக இருக்கலாம், குறியாக்கத்தில் அது விடை தப்பு என்று அர்த்தம்.

டெபியன் ஒரே வகைச் செயலியில் ஓடுவது இல்லை. நம் லேப்டாப்பில் இருக்கும் ஏஎம்டி64 தவிர, ஏஆர்எம், பவர்பிசி, ரிஸ்க்-வி, ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் எல்லாவற்றுக்கும் டெபியனின் பில்ட் கணினிகள் உங்கள் பேக்கேஜைக் கட்டும். எஸ்390எக்ஸ் எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும், மற்றவை சிறியதை முதலில் வைக்கும். பைட் வரிசையில் அலட்சியமாக எழுதிய நிரல் அங்கே மட்டும் தப்பான விடை தரும். வேறு செயலியைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூ என்ற மென்பொருள் மூலம் வீட்டிலேயே எஸ்390எக்ஸ் அறை ஒன்றை உருவாக்கலாம். மெதுவாக ஓடும், இருந்தாலும் பதிவேற்றும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கம்பைலர் தெரிவுகளில் இரண்டு பள்ளங்கள் உண்டு. சில அப்ஸ்ட்ரீம் பில்ட் கோப்புகளில் 'மார்ச் நேட்டிவ்' என்ற தெரிவு இருக்கும். கட்டுகிற கணினியின் செயலிக்கு எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவுக்கு நிரலைத் தயாரி என்று பொருள். டெபியனின் பில்ட் கணினி புதியது, உசிலம்பட்டியில் ஒரு பள்ளியில் இருக்கும் கணினி பழையது. அங்கே நிரல் முதல் வரியிலேயே செத்துவிடும். எடுத்துவிடுங்கள். ஏவிஎக்ஸ்2 போன்ற வேக வழிகள் வேண்டுமென்றால், ஓடும் நேரத்தில் செயலியைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும்படி அப்ஸ்ட்ரீம் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது பள்ளம் நுணுக்கமானது. சாவி இருந்த நினைவகத்தை வேலை முடிந்ததும் பூஜ்யத்தால் அழிக்க வேண்டும். அதற்கு 'மெம்செட்' என்று எழுதினால், 'இந்த இடத்தை இனி யாரும் படிக்கப் போவதில்லை, அழிப்பது வீண்' என்று கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடக்கூடும். அதற்காகத்தான் 'எக்ஸ்ப்ளிசிட்-பிஸீரோ' என்ற செயற்கூறு, சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் 2017 முதல் இருக்கிறது. உங்கள் நூலகம் எதைப் பயன்படுத்துகிறது என்று தேடிப் பாருங்கள். கம்பைலரின் மேம்படுத்தும் தெரிவுகளை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். எந்தச் சாவியாக இருந்தாலும் ஒரே நேரம் எடுக்கும்படி கவனமாக எழுதிய நிரலைக்கூட அது குலைத்துவிட முடியும்.

பேட்ச் போடும் முன்

போன வருடம் உசிலம்பட்டித் தம்பி ஒருவன் திரையைக் காட்டிக் கேட்டான்: "அக்கா, வால்கிரைண்ட் இந்த ஒரு வரிக்குத்தான் கத்துது. தூக்கிரவா?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. ஏனென்றால் டெபியன் வரலாற்றிலேயே மோசமான பிழை இதே கேள்வியில் இருந்து பிறந்தது. அன்றைக்கு மற்ற வேலையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன்.

2006 செப்டம்பரில் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு பேட்ச் சேர்ந்தது. வால்கிரைண்ட் என்பது நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி. மதிப்பு போடாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று அது இரண்டு இடங்களில் எச்சரித்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி வரி. இரண்டையும் பேட்ச் செயலிழக்கச் செய்தது. ஒரு வரியை எடுத்ததில் பெரிய நஷ்டம் இல்லை. மற்றொரு வரிதான் ரேண்டம் எண் உற்பத்தியில் வெளியில் இருந்து வரும் கணிக்க முடியாத தகவல் அத்தனையையும் கலக்கிற வரி. அது போனதும் விதையில், அதாவது ரேண்டம் எண்கள் பிறக்கும் தொடக்க மதிப்பில், மாறிக்கொண்டிருந்தது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல்முறை எண் ஒன்று மட்டும். அது வழக்கமாக 32,768ஐத் தாண்டாது. ஒரு வகைச் செயலியில், ஒரு அளவில், உருவாகக்கூடிய சாவிகளே ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லாவற்றையும் முன்பே உருவாக்கி ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.

2008 மே 13 அன்று டெபியன் பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. பாதுகாப்புப் பிழைகளுக்கு உலகப் பொதுவாகத் தரும் சிவிஇ எண் வரிசையில் சிவிஇ-2008-0166 என்பது அதன் எண். இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள், இணையதளச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. சோதனைகள் எதுவும் இதைப் பிடிக்கவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். குறியாக்கம் சரியாக நடந்தது, கையொப்பம் சரியாக விழுந்தது. சாவி மட்டும் எவரும் ஊகிக்கக்கூடியதாக இருந்தது.

அந்தப் பராமரிப்பாளர் அலட்சியக்காரர் இல்லை. அப்ஸ்ட்ரீமிடம் கேட்டார், பிழை தேடுவதற்கு உதவும் என்றால் எடுக்கலாம் என்ற தொனியில் பதிலும் கிடைத்தது. கேட்டவர் நினைத்தது ஒன்று, பதில் சொன்னவர் நினைத்தது வேறு. அதனால் எங்கள் மாடியில் பேட்ச் விஷயத்தில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம்.

ஒரு வரியை எடுக்கும் முன் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் பேட்ச் இல்லை. அப்ஸ்ட்ரீமிடம் கேட்கும்போது பொதுவாகக் கேட்காமல், பேட்சையே முழுதாக அனுப்புங்கள். 'இதை டெபியனில் எல்லாப் பயனர்களுக்கும் அனுப்பப் போகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பேட்சின் தலையில் ஏன், எப்போது, அப்ஸ்ட்ரீம் என்ன சொன்னது என்று எழுதுங்கள், அதற்கு டெப்-3 என்ற வடிவம் இருக்கிறது. உங்களைத் தவிர இன்னொருவர் படித்த பிறகே அது உள்ளே போக வேண்டும். ரேண்டம் எண், சாவி உருவாக்கம், ஒப்பிடும் செயற்கூறு, இந்த இடங்களில் டெபியனுக்கு மட்டும் தனி பேட்ச் கூடாது. அப்ஸ்ட்ரீம் ஏற்றுக்கொண்டு வெளியிடும்வரை காத்திருங்கள். ஒரு எச்சரிக்கை திரையில் கத்திக்கொண்டிருந்தால் கத்தட்டும்.

உரிமம்

குறியாக்க நிரலில் பலருடைய துண்டுகள் கலந்திருக்கும். ஒரு கோப்பு பிஎஸ்டி உரிமம், ஒன்று ஐஎஸ்சி உரிமம், ஒன்று யாருக்கும் உரிமையில்லாத பொதுக்களம் (பப்ளிக் டொமைன்) என்று வரும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் பார்த்துக் காப்பிரைட்டில் எழுதுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய உரிமம் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு ஒத்துப்போகாததால் வருடக்கணக்கில் தலைவலி இருந்தது. 2021ல் வந்த 3.0 பதிப்பில் இருந்து அது அப்பாச்சி உரிமத்துக்கு மாறிவிட்டது. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் காரணமாகக் குறியாக்கப் பேக்கேஜ்களை அமெரிக்காவுக்கு வெளியே தனிச் சேவகனில் வைத்திருந்த காலமும் உண்டு. 2002ல் வெளியான வுடி பதிப்பில்தான் அவை முதன்மைத் தொகுப்புக்குள் வந்தன.

பதிவேற்றம்

தொடக்கத்தில் உங்களுக்கு நேரடியாகப் பதிவேற்றும் உரிமை இருக்காது. ஒரு டெபியன் டெவலப்பர் உங்கள் வேலையைப் பார்த்து அவர் கையொப்பத்தில் ஏற்றுவார், அவரை ஸ்பான்சர் என்பார்கள். சால்சா என்ற டெபியனின் கிட் தளத்தில் உங்கள் களஞ்சியத்தை வைத்து, ஸ்பான்சர் கேட்டு விண்ணப்பியுங்கள். பதில் வரச் சில வாரம் ஆகலாம். அவர் பத்துக் குறை சொன்னால் வருத்தப்படாதீர்கள். பத்தும் அவர் உங்கள் நிரலைப் படித்த அடையாளம்.

டிபுட் என்ற பதிவேற்றக் கருவி கொண்டு ஏற்றுவது மூல நிரலை மட்டும்தான், பைனரிகளை டெபியனின் கணினிகளே கட்டும். சிட்டில் ஏறி, வழக்கமாக 5 நாள் பிரச்சினை இல்லாமல் இருந்து, சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின் சோதனைகளும் தேறினால், அடுத்த ஸ்டேபிளாகப் போகும் டெஸ்டிங் கிளைக்குப் போகும். நூலகத்தின் சோநேம், அதாவது பைனரி இடைமுகத்தின் எண், மாறினால் இது பெரிய வேலை. சார்ந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். வெளியீட்டுக் குழுவிடம் முன்கூட்டியே கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

பாதுகாப்புப் பிழை வந்தால்

என்றைக்காவது ஒருநாள் வரும். முதலில், அது ஊரறிந்த பிழையா, ரகசியமாகத் தெரிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். ரகசியம் என்றால் சால்சாவில் எதையும் ஏற்றக் கூடாது, பொது பக் பதிவும் கூடாது. டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதி, அவர்கள் சொல்லும் நாள்வரை பொறுத்திருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான நாளில் உலகமே ஓடியது. டெபியனின் திருத்தம் அன்றைக்கே வெளியானது.

சிட்டில் புதிய பதிப்பையே ஏற்றிவிடலாம். ஸ்டேபிளில் அப்படிக் கூடாது. அங்கே இருக்கும் பழைய பதிப்பில், பிழையைச் சரிசெய்யும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பொருத்த வேண்டும். பழைய நிரலில் சுற்றுப்புறம் வேறாக இருக்கும், வரிகள் அப்படியே ஒட்டாது. அந்த நேரத்தில் அவசரத்தோடு பயமும் சேரும். பேட்ச் செய்ததை அப்ஸ்ட்ரீமிடம் காட்டி "இது போதுமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் பதில் தருவார்கள். சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணைக் குறிப்பிடுங்கள், பிழையைக் காட்டும் சோதனை ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

கை மாற்றுவது

தனி ஆளாகப் பராமரிக்காதீர்கள். எக்ஸ்இசட்டின் மூலப் பராமரிப்பாளர் பல வருடம் தனியாகச் சுமந்தார். மனநலம் சரியில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகும், அடையாளம் தெரியாத பெயர்கள் சில அவரை வேகம் போதாது என்று நெருக்கின. அந்தச் சோர்வின் வழியாகத்தான் உதவிக்கரம் நீட்டியவர் உள்ளே வந்தார். முதல் வருடத்திலேயே இன்னொருவரைத் தேடிச் சேருங்கள், கண்ட்ரோல் கோப்பில் 'அப்லோடர்ஸ்' என்ற வரி அதற்காக இருக்கிறது. தேர்வு, கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் எது வந்தாலும் வெட்கப்படாமல் உதவி வேண்டும் என்று ஆர்எஃப்எச் பதிவு போடுங்கள். முழுவதும் விட வேண்டுமென்றால் ஆர்எஃப்ஏ போட்டு, அடுத்தவர் வரும்வரை பாதுகாப்புப் பிழைகளை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய்விடுவதுதான் கெடுதல். பேக்கேஜுக்கு ஆள் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

சேருகிறவர் யார் என்பதையும் அவசரப்படாமல் பாருங்கள். சிறு வேலை கொடுத்து, நேரில் பேசி, அவர் தவறும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனித்து, மெல்ல மெல்லப் பொறுப்பைக் கூட்டுங்கள். வரியைத் தூக்கிரவா என்று கேட்ட உசிலம்பட்டித் தம்பியின் பெயரைப் போன மாதம் அப்லோடர்ஸ் வரியில் சேர்த்தேன். அடுத்த வெளியீட்டின் டார்பாலை அவன் கிட்டோடு ஒப்பிடப் போகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.